மறுகால் தண்ணீர் எந்தக் கண்மாய்க்கு? வரைபட மென்பொருளில் நீர்த்தரவைக் கட்டும் முறை

வைகைப் பாசனப் பகுதியில் ஒரு கண்மாயைப் பற்றி விசாரித்தால், ஊர்க்காரர் அதன் பரப்பளவிலிருந்து பேச்சைத் தொடங்குவதில்லை. மேலே எந்தக் கண்மாய் நிறைந்தால் இதற்குத் தண்ணீர் வரும், இது நிறைந்து கலுங்கு (மிகைநீர் வழியும் கல்கட்டு) பாய்ந்தால் அந்த மறுகால் தண்ணீர் அடுத்து எந்தக் கண்மாய்க்குப் போகும் என்றுதான் சொல்லத் தொடங்குவார். கணினியில் ஏறியிருக்கும் நீர்நிலைத் தரவில் பெரும்பாலும் விடுபட்டுப்போவதும் இதுதான். பெயர் இருக்கும், அட்சரேகை தீர்க்கரேகை இருக்கும், ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலத்தின் ஏக்கர் இருக்கும், நிழற்படம்கூட இருக்கும். தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பது மட்டும் இருக்காது.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 39,000 பாசன ஏரிகளும் கண்மாய்களும் கணக்கில் உள்ளன. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடமும், அதற்குக் கீழானவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன. ஒரே சங்கிலியில் மேல் கண்மாய் ஓர் அலுவலகப் பதிவேட்டிலும், கீழ் கண்மாய் வேறோர் அலுவலகப் பதிவேட்டிலும் இருப்பது இதனால்தான். 2023-ல் வெளியான நாட்டின் முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பு 24,24,540 நீர்நிலைகளைப் பதிவு செய்தது. பெரிய வேலைதான். ஆனாலும் புள்ளிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, ஒரு கலுங்கு அடைபட்டால் கீழே எத்தனை கண்மாய் காயும் என்ற கேள்விக்குப் பதில் எடுக்க முடியாது.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்படி ஒரு கண்மாய்ச் சங்கிலியின் தரவைக் கட்டுவது எப்படி, எங்கே வழுக்கும் என்பதை வைகை வடிநிலத்தை வைத்துப் பார்ப்போம். மென்பொருள், 2002 முதல் வளர்ந்துவரும் கட்டணமில்லாத கியூஜிஐஎஸ். அதனுடன் கிராஸ் என்ற கருவித் தொகுப்பும் சேர்ந்தே வருகிறது. ஒரு வடிநிலத்துக்கு இவை இரண்டும் தாராளமாகப் போதும்.

78-ஆம் பாகைக் கோடு

மீட்டரில் அளக்க வேண்டுமென்றால், உலகை மண்டலங்களாகப் பிரித்து இடத்தைக் குறிக்கும் யுடிஎம் முறையில் வேலை செய்ய வேண்டும். அதன் மண்டலங்கள் ஒவ்வொன்றும் 6 பாகை அகலம். 43-ஆம் மண்டலம் 78 பாகை கிழக்கில் முடிகிறது, 44 அங்கே தொடங்குகிறது. அந்தக் கோடு சோழவந்தானுக்கும் மதுரைக்கும் நடுவே வைகையைக் குறுக்காக வெட்டிப் போகிறது. வைகை அணை 43-ல் இருக்கிறது. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் 44-ல் இருக்கின்றன.

அணைப் பக்கத்துக் குழு ஒரு மண்டலத்திலும், மதுரைக்குக் கீழே உள்ள குழு இன்னொன்றிலும் வரைந்து அனுப்பும். இணைக்கும்போது மண்டல எண்ணை மாற்றிக் கொடுத்துவிட்டால் கண்மாய்கள் 6 பாகை, அதாவது ஏறக்குறைய 650 கிலோமீட்டர் கிழக்கே நகர்ந்து வங்காள விரிகுடாவில் போய் உட்காரும். இந்தப் பிழை கண்ணில் பட்டுவிடும், திருத்திவிடலாம். திருத்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கியூஜிஐஎஸ்ஸில் ஓர் அடுக்குக்கு (ஒரே வகைப் பொருள்களின் தொகுப்புக்கு) ஆள்கூற்று முறையை, அதாவது இடங்களை எண்களால் சொல்லும் முறையைக் குறிப்பது வேறு, அடுக்கையே வேறு முறைக்கு மாற்றி எழுதுவது வேறு. முன்னது பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும், எண்களைத் தொடாது. எண்கள் 43-ல் இருக்கும் அடுக்குக்கு 44 என்று பலகை மாட்டுவதால்தான் கண்மாய் கடலுக்குப் போகிறது.

முழு வடிநிலத்துக்கும் 44-ஐயே வைத்துக்கொள்வது நல்லது. 32644 என்பது அதன் குறியீட்டு எண். மேற்கு ஓரத்தில் பரப்பளவு 0.3 முதல் 0.4 சதவீதம் கூடுதலாக வரும். 40 ஹெக்டேர் கண்மாயில் இது 0.16 ஹெக்டேருக்கு மேல் போகாது. பூமியின் வளைவையும் சேர்த்துக்கொள்ளும் கியூஜிஐஎஸ்ஸின் நீள்கோளப் பரப்பளவுக் கணக்கைப் பயன்படுத்தினால் அந்தப் பிழையும் இல்லை.

கண்ணில் படாமல் தங்கிவிடும் பிழை வேறு. இந்திய நில அளவைத் துறையின் பழைய 1:50,000 தாள்கள் எவரெஸ்ட் நீள்கோளம் என்ற பழைய பூமி வடிவக் கணக்கை அடிப்படையாகக் கொண்டவை. செயற்கைக்கோள் படங்களும் கைப்பேசியும் வேலை செய்வது டபிள்யூஜிஎஸ் 84 என்ற இன்றைய உலகப் பொது முறையில். பழைய தாளின் மூலைகளில் அச்சிட்டிருக்கும் பாகை, கலை எண்களை அப்படியே டபிள்யூஜிஎஸ் 84 என்று கொடுத்து ஒட்டினால், வரைபடம் 100 மீட்டருக்கும் மேல் நகர்ந்து உட்காரும். பெரிய கண்மாயில் இது தெரியவே தெரியாது, ஏறக்குறைய சரியான இடத்தில்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் நீரைக் கொண்டுவரும் 3 மீட்டர் அகல வரத்துக்கால் பக்கத்து வயலுக்குள் போயிருக்கும், கலுங்கு கரையை விட்டு வெளியே நிற்கும். தாளை ஒட்டும்போதே பழைய ஆள்கூற்று முறையைக் கொடுத்து, பிறகு மாற்றி எழுதுவதுதான் வழி. முடிந்ததும் பழைய தாளிலும் இன்றைய படத்திலும் மாறாமல் இருக்கும் கோயில் குளத்தின் மூலை, ரயில் பாலம் போன்ற நாலைந்து இடங்களில் பொருந்துகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

தமிழ்ப் பெயர் ஏன் உடைகிறது

வரைபடத் தரவின் பழைய வடிவமான ஷேப் கோப்பு இன்னும் அலுவலகம் தோறும் சுற்றிவருகிறது. அதன் அட்டவணையில் பத்தித் தலைப்புக்கு 10 பைட்டுதான் இடம். யூனிகோடு எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டு செலவாகும், ‘கா’ என்ற எழுத்தில் ‘க’வும் கால் குறியும் தனித்தனிக் கணக்கு. ஆக, தலைப்பில் மூன்று குறிகள்தான் நிற்கும், நான்காவது பாதியில் அறுந்து கேள்விக்குறியாகும். உரைப் பத்தியும் 254 பைட்டோடு முடிந்துவிடுகிறது, அதாவது 84 தமிழ்க் குறி. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியலை மாற்றாமல் ஒட்டினால் பெயர்ப் பத்தி முழுதும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அந்தப் பட்டியலை முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவில் சேமித்தால் இந்த நீளச் சிக்கல்கள் இல்லை. ஒரே கோப்பில் எல்லா அடுக்குகளும் இருக்கும், துணைக்கோப்பு தொலைந்துபோகும் கவலையும் இராது.

பெயரை வைத்து இரண்டு பட்டியல்களை இணைப்பதையும் விட்டுவிட வேண்டும். ‘பெரிய கண்மாய்’ எத்தனை ஊரில் இருக்கிறது என்பதை எண்ணி மாளாது. இதே பெயர் ‘பெரியகண்மாய்’, ‘பெரிய கம்மாய்’ என்றும் எழுதப்பட்டிருக்கும், கணினிக்கு மூன்றும் வேறு வேறு. மாவட்டம், வட்டம், வருவாய்க் கிராமத்தின் எண், அதற்குப் பின் அந்தக் கிராமத்துக்குள் வரிசை எண் என்று ஒவ்வொரு கண்மாய்க்கும் மாறாத ஓர் அடையாள எண் கொடுங்கள். கிராமம் பிரிந்தாலும் வட்டம் மாறினாலும் அந்த எண்ணை மாற்றாதீர்கள்.

ஒரு கண்மாய்க்கு மூன்று எல்லைகள்

செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, தண்ணீர் தெரியும் விளிம்பை வரைந்து, அதையே கண்மாய் என்று சேமிப்பது பரவலாக நடக்கிறது. இது மிகவும் ஆபத்தான பழக்கம். வறண்ட ஆண்டுப் படத்தில் கண்மாய் பாதியாகத் தெரியும். அந்தச் சிறுத்த உருவம் நாளைக்கு ஓர் அறிக்கையில் ‘கண்மாயின் எல்லை’ என்று ஏறிவிட்டால், மீதிப் பாதியில் நடந்த ஆக்கிரமிப்புக்கு நம் வரைபடமே சாட்சி சொல்லும். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் தமிழ்நாட்டில் தனிச்சட்டம் வந்தது. அதன்கீழ் எடுக்கும் நடவடிக்கைக்கு எல்லைதான் உயிர்.

ஆகவே மூன்று தனி அடுக்குகள் வேண்டும். ஒன்று, நில அளவைப் பதிவான புலப்படத்திலிருந்து வரும் வருவாய் எல்லை. இன்னொன்று, முழு நீர்மட்டத்தில் தண்ணீர் எட்டும் விளிம்பு. மூன்றாவது, தேதியிட்ட நீர்ப்பரப்புகள். முதல் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தாது, பொருந்தவும் வேண்டியதில்லை. கண்மாய் நிறைந்தால் நீர் தேங்கும் உள்வாய்ப் பக்கம் சில பட்டா நிலங்களும் முழுகும், எல்லைக்குள்ளேயே மேடான இடமும் இருக்கும்.

புலப்படத்தைப் படத்தில் பொருத்த, ஊர் எல்லைகள் சேரும் கற்களையும் தெளிவான வரப்பு மூலைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். எளிய நேர்கோட்டு மாற்றத்துக்கு 3 புள்ளிகள் போதும் என்றாலும், 6 புள்ளிகளாவது கொடுத்தால்தான் எந்தப் புள்ளி தவறு என்பதை எச்சப்பிழை (பொருத்திய பின்னும் புள்ளியில் மிஞ்சும் விலகல்) காட்டிக்கொடுக்கும். பிழை குறையவில்லையே என்று உயர்படி பல்லுறுப்புக் கோவைக்கு மாறினால் எண் குறையும், தாள் ரப்பர்போல் இழுபட்டு எல்லை கோணும். பிழையான கல்லைக் கண்டுபிடித்து நீக்குவதே சரி.

உயர மாதிரி எங்கே ஏமாற்றும்

நீர்ப்பிடிப்பை வரையும் கட்டம் வந்ததும் எல்லோரும் நம்புவது, நிலத்தைச் சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றின் உயரத்தையும் தரும் இலவச உயர மாதிரியை. ஒரு சதுரம் 30 மீட்டர், அதாவது 900 சதுர மீட்டர். மலைச்சரிவில், வருசநாட்டுப் பக்கம், அது நன்றாகவே வேலை செய்யும். சிவகங்கை, ராமநாதபுரம் சமவெளிக்கு வந்தால் அதன் குறைகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்கும்.

இவற்றில் பரவலாகப் பயன்படும் எஸ்ஆர்டிஎம் அளவீடு 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் எடுக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழை முடிந்து கண்மாய்களில் தண்ணீர் கிடக்கும் மாதம் அது. ரேடார் தண்ணீருக்குள் போகாது. எனவே அன்றைக்கு நீர் நின்ற கண்மாய்களில் அந்த மாதிரி காட்டுவது நீர்மட்டத்தை, அடித்தரையை அல்ல. அதை வைத்துக் கொள்ளளவு கணக்கிட்டால் 2000 பிப்ரவரி நீர்மட்டத்துக்கு மேலே உள்ள காலியிடம் மட்டுமே வரும். உயரங்களும் முழு மீட்டர் எண்களில்தான் உள்ளன. அடுத்தடுத்த இரண்டு கண்மாய்களின் நீர்மட்ட வித்தியாசமோ சில அடி.

இந்தப் பிழை எவ்வளவு பெரியது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். முழு நீர்ப்பரப்பு 40 ஹெக்டேர், சராசரி ஆழம் 1.5 மீட்டர் உள்ள கண்மாயின் கொள்ளளவு 6 லட்சம் கன மீட்டர். ஒரு மில்லியன் கன அடி 28,317 கன மீட்டர் என்பதால், இது 21.2 மில்லியன் கன அடி. உயரத்தில் 1 மீட்டர் பிழை வந்தால் 4 லட்சம் கன மீட்டர், அதாவது 14.1 மில்லியன் கன அடி போய்விடும். கண்மாயில் மூன்றில் இரண்டு பங்கு! சமவெளிக் கண்மாயின் கொள்ளளவை இலவச உயர மாதிரியிலிருந்து எடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

நீர்ப்பிடிப்பு எல்லைக்கு அதைப் பயன்படுத்தலாம், ஆனால் முன்வேலை உண்டு. கண்மாய்க் கரையின் மேற்புறம் இரண்டு மூன்று மீட்டர் அகலம்தான். 30 மீட்டர் சதுரத்தில் அது கரைந்துபோகும். மென்பொருள் கரையைப் பார்க்காமல் தண்ணீரை நேராகக் கீழே ஓடவிடும். இன்னொரு பக்கம், பள்ளங்களை நிரப்பும் கருவி கண்மாயையே பிழையான பள்ளம் என்று நினைத்து மட்டமாக்கிவிடும். கிராஸ் தொகுப்பின் நீர்ப்பிடிப்புக் கருவி நிரப்பாமலே பள்ளத்தைக் கடந்து வழி தேடும் என்பதால் இதற்கு அது மேல். அதற்குக் கொடுக்கும் முன் செய்ய வேண்டியவை:

முதலில் உயர மாதிரியை 10 மீட்டர் சதுரமாக மாற்றுங்கள். புதிதாக விவரம் எதுவும் கிடைக்காது, ஆனால் கலுங்கு 20, 25 மீட்டர் நீளமே இருக்கும், 30 மீட்டர் சதுரத்தில் கரையை உயர்த்தினால் கலுங்கும் சேர்ந்து மூடிக்கொள்ளும். பிறகு கரைக் கோட்டைச் சதுரங்களாக்கி உயரத்தோடு 5 மீட்டர் கூட்டுங்கள். கோடு தொடும் எல்லாச் சதுரங்களையும் எடுக்கும் விருப்பத்தைத் தேர்ந்தெடுப்பது முக்கியம். இல்லாவிட்டால் கரை சாய்வாகப் போகும் இடங்களில் சதுரங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், மூலைகளையும் வழியாக எடுக்கும் எட்டுத் திசைக் கணக்கில் தண்ணீர் அந்த மூலை இடுக்கில் நழுவிவிடும். வெளியே பார்த்தால் கரை முழுதாகத் தெரியும், விடை மட்டும் தவறாக வரும். அடுத்து கலுங்கு இருக்கும் சதுரங்களைப் பழைய உயரத்துக்கே இறக்குங்கள், வரத்துக்கால், மறுகால் கோடுகளில் 5 மீட்டர் கழியுங்கள். கடைசியாகச் சாலைப் பாலங்களும் குழாய்ப் பாலங்களும். ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் உயர மாதிரியில் சுவராக நிற்கும், பாலம் இருக்கும் இடத்தில் துளை போட்டால்தான் நீர் மறுபக்கம் போகும்.

இவ்வளவும் செய்து கலுங்கைக் கடைவாயாகக் கொடுத்தால் அந்தக் கண்மாயின் கூட்டு நீர்ப்பிடிப்பு கிடைக்கும். மேல் கண்மாய்களின் நீர்ப்பிடிப்பைக் கழித்தால் தனி நீர்ப்பிடிப்பு.

ஆற்றுப் பாசனக் கண்மாய்களுக்கு இதுவும் உதவாது. வைகையில் அணைக்கட்டிலிருந்து பிரியும் கால், மட்டக்கோட்டை ஒட்டி மெல்லிய சரிவில் மைல் கணக்கில் போய்க் கண்மாயை நிரப்புகிறது. நிலச்சரிவை மட்டும் படிக்கும் மென்பொருள் அந்தக் காலை முதல் வளைவிலேயே உடைத்துக் கீழே விட்டுவிடும். இயற்கை நீர்ப்பிடிப்பே இல்லாத கண்மாய்போல அது காட்டும், ஆனால் வைகையில் தண்ணீர் வந்தால் அது நிறையும். மனிதர் வெட்டிய காலை மனிதர்தான் வரைய வேண்டும்.

சங்கிலியைப் பூட்டுவது

வேலையின் மையம் இதுதான். கண்மாய், கலுங்கு, மடை (பாசனத்துக்கு நீர் திறக்கும் வாய்), கால் என்று நான்கு அடுக்குகள். ராஜசிங்கமங்கலம் கண்மாய்க்கு ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்று பெயர் வந்த நிலத்தில், மடைகளைக் கண்மாய் அட்டவணையில் ஒரே பத்தியில் அடைப்பது நடக்காத காரியம். ஒவ்வொரு மடைக்கும் ஒரு வரி, அதில் தாய்க் கண்மாயின் எண் வேண்டும். கலுங்குக்கும் அப்படியே, ஒரு கண்மாய்க்கு இரண்டு கலுங்கு இருந்து, இரண்டும் வேறு வேறு கண்மாய்க்குப் பாய்வதுண்டு.

கால் அடுக்கில் ‘எங்கிருந்து’, ‘எங்கே’ என்று இரண்டு பத்திகள். கோட்டை எப்போதும் மேலிருந்து கீழாகவே வரையுங்கள், அம்புக்குறி காட்டும்படி நிறம் கொடுத்துவிட்டால் தலைகீழாக வரைந்தது உடனே தெரியும். கோட்டின் முனைகள் கலுங்கிலும் கண்மாயிலும் ஒட்டிக்கொள்ள ‘ஸ்நாப்’ வசதியைப் போட்டுக்கொள்ள வேண்டும். அரை மீட்டர் இடைவெளி திரையில் தெரியாது, ஆனால் சங்கிலி அங்கே அறுந்திருக்கும்.

ஜியோபேக்கேஜ் உள்ளுக்குள் எஸ்க்யூலைட் தரவுத்தளம். அதனால் தன்னையே திரும்ப அழைக்கும் வினவல் (தரவைத் தேடியெடுக்கும் கட்டளை) ஒன்றை எழுதி, ஒரு கண்மாயின் எண்ணைக் கொடுத்தால் கீழே உள்ள கண்மாய்கள் எல்லாம் வரிசையாக வரும். திசையை மாற்றினால் மேலே உள்ளவை. 50 படிக்கு மேல் போகாதபடி எல்லை வைத்துவிடுங்கள், பதிவுப் பிழையால் அ-விலிருந்து ஆ, ஆ-விலிருந்து மீண்டும் அ என்று இருந்தால் வினவல் முடியவே முடியாது.

அடுத்த சோதனை நீர்மட்டம். மேல் கண்மாயின் கலுங்கு மட்டம் கீழ்க் கண்மாயின் முழு நீர்மட்டத்தைவிட உயரமாக இருந்தாக வேண்டும். இல்லாத வரிகளைச் சிவப்பாக்கிப் பாருங்கள், திகைப்பாக இருக்கும். 1883-ல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டக் காலத்திலிருந்து வரும் ஏரிக் குறிப்பேடுகளில் மட்டங்கள் அடிக்கணக்கில் அருமையாகப் பதிவாகியிருக்கின்றன. ஆனால் பல கண்மாய்களில் அது மடைக்கல்லையோ கோயில் படியையோ 100.00 என்று வைத்துக்கொண்டு அளந்த உள்ளூர் மட்டம். அந்தக் கண்மாய்க்குள் அது சரி, அடுத்த கண்மாயோடு ஒப்பிட முடியாது. எனவே ஒவ்வொரு மட்டத்துக்கும் பக்கத்தில் ‘எதிலிருந்து அளந்தது’ என்ற பத்தி கட்டாயம்.

கைப்பேசி உயரத்தை அந்தப் பத்தியில் ஏற்றிவிடாதீர்கள். பல கைப்பேசிகள் தருவது நீள்கோளத்திலிருந்து அளந்த உயரம். தென் தமிழ்நாட்டில் கடல்மட்டப் பரப்பு அந்த நீள்கோளத்துக்கு 90 மீட்டர் அளவுக்குக் கீழே கிடக்கிறது. அதனால் ராமநாதபுரத்தில் தரையில் நிற்கும் ஒருவருக்குக் கைப்பேசி கழித்தல் 80 என்று காட்டினால் கருவி கெட்டுப்போகவில்லை. இந்த வித்தியாசத்தைச் சரிசெய்யும் திருத்தக் கட்டத்தை ஏற்றினாலும் பல மீட்டர் ஆட்டம் இருக்கும். கலுங்கு மட்டத்துக்கு மட்டக்கருவியும் அளவுகோலும்தான், நிலையான மட்டக்குறியிலிருந்து. கைப்பேசியில் கியூஃபீல்டு செயலி கலுங்கு, மடை, பாலங்களின் இடத்தைக் குறிக்கவும் படம் எடுக்கவும் போதுமானது, கிடைமட்டப் பிழை 3 முதல் 5 மீட்டர்.

நீர்ப்பரப்பிலிருந்து நீர் அளவுக்கு

சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 5 நாளுக்கு ஒருமுறை 10 மீட்டர் படம் தருகின்றன. பச்சை அலையிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நீர்க்குறியீடு. 2022 ஜனவரி 25-க்குப் பிறகு தயாரான படங்களில் எண்களோடு 1,000 கூட்டப்பட்டிருக்கிறது, அதைக் கழித்துவிட்டே கணக்கிட வேண்டும். பச்சை 1,600, அகச்சிவப்பு 1,300 என்றால் கழிக்காமல் வரும் விடை 0.10. கழித்தால் 600, 300, விடை 0.33. 0.2-க்கு மேல் தண்ணீர் என்று வைத்திருந்தால் இதே இடம் ஒரு கணக்கில் தரை, மற்றொன்றில் தண்ணீர். 2022-ல் கண்மாய்கள் திடீரென்று சுருங்கியதாகக் காட்டும் வரைபடத்தைப் பார்த்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

ஆகாயத்தாமரை மூடிய நீரையும், சீமைக்கருவேலத்தின் அடியில் நிற்கும் நீரையும் இந்தக் குறியீடு தரை என்றே சொல்லும். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் விலகாது. அந்த மாதங்களுக்கு மேகத்தைத் துளைக்கும் சென்டினல்-1 ரேடார் படம்தான் துணை.

பரப்பை நீர் அளவாக்க, கோடையில் கண்மாய் வறண்டிருக்கும்போது மட்டம் எடுத்து அரை மீட்டர் இடைவெளியில் மட்டக்கோடு வரைய வேண்டும். இரண்டு கோடுகளின் பரப்பையும், அவற்றின் பெருக்கத்தின் வர்க்கமூலத்தையும் கூட்டி, இடைவெளியால் பெருக்கி, 3-ஆல் வகுக்க வேண்டும். கீழ்க்கோடு 10 ஹெக்டேர், மேல்கோடு 22.5 ஹெக்டேர் என்றால் வர்க்கமூலம் 15, கூட்டினால் 47.5. அரை மீட்டர் அடுக்கில் நிற்பது 7.92 ஹெக்டேர்-மீட்டர், அதாவது 2.8 மில்லியன் கன அடி. இப்படி அடுக்கடுக்காகக் கூட்டி ஒரு அட்டவணை செய்துவிட்டால், பிறகு படத்தில் நீர்ப்பரப்பைப் பார்த்தே நீர் அளவைப் படிக்கலாம். வண்டல் எடுத்த கண்மாய்க்கு அட்டவணையைப் புதிதாகப் போட வேண்டும். 40 ஹெக்டேரில் 30 சென்டிமீட்டர் வண்டல் என்பது 4.2 மில்லியன் கன அடி.

கால் அடுக்கில் இன்னும் இரண்டு பத்திகள் வேண்டும்: நிலை, பார்த்த தேதி. கலுங்கு பாயும் நாளில் போய் நீர் உண்மையில் எங்கே போகிறது என்று பார்த்தவர், அல்லது ஊரில் நீர் பங்கிடும் நீர்பாய்ச்சியைக் கேட்டு எழுதியவர், அந்தத் தேதியைப் போடட்டும். சாலை போட்டதால் அடைபட்ட காலின் கோட்டை அழிக்காமல் நிலையை மட்டும் ‘அடைபட்டது’ என்று மாற்றுங்கள். பிறகு கீழ்நோக்கிய வினவலை ஓட்டினால், அந்த ஓர் அடைப்பால் எந்தெந்தக் கண்மாய்களுக்கு வரத்து இல்லை, ஆயக்கட்டு எத்தனை ஏக்கர் என்பது பட்டியலாக வரும். புரட்டாசி பிறக்கும் முன் அதை எடுத்துவிட்டால், ஐப்பசி மழைக்குள் அந்த இடத்தில் குழாய் பதிக்க நாள் இருக்கும்.